வாள் எட்டும் தூரம்

செவ்வாய்க்கிழமை தோறும்
நெருப்பின் அளவை மாற்றுவது என் வேலை.
ரெட்டியார்பாளையத்தில் பேட்டரிக் கடைக்கு மேல் மாடி.
ஆறு மேசை, ஒரு ஏசி,
அது சொட்டுவதற்கு ஒரு பெயிண்ட் டப்பா.

போன வாரம் வரை மந்திரக்காரனின் தீயுருண்டை
உயிரில் நூற்று நாற்பது தின்றது.
இன்று முதல் நூற்றிருபத்தாறு.
பதினான்கைத் தட்டி எடுத்ததற்கு
மதியச் சாப்பாட்டுக்குள் எழுநூறு வசவு.
ஒருவன் என் அம்மாவையும் விடவில்லை.
அம்மா பெரிய மார்க்கெட்டில் வெங்காயம் நிறுப்பவள்.
வசவு எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல.

வாள்காரனுக்கு நான் கொடுத்தது
தடித்த தோல், ஒரு கேடயம்,
பதினொரு நொடிக்கு ஒரு பாய்ச்சல்.
மந்திரக்காரனுக்குத் தூரம்.
முப்பதடி தள்ளி நின்று எரிப்பவனுக்கு
வியர்ப்பதில்லை.
வியர்க்காததற்கு எத்தனை புள்ளி கழிப்பது?
மூன்று மாதம் கழித்துக் கூட்டி
வாள் ஐம்பது, மந்திரம் ஐம்பது என்று
அட்டவணை பச்சையானபோது
லூர்துராஜ் சார் எல்லோருக்கும் சமோசா சொன்னார்.

அன்றைக்குத்தான் கெடிலத்தான் என்கிற பெயரில் ஒருவன்
வையாமல் எழுதியிருந்தான்.
'நான் கடலூர் ஓ.டி., சோனாங்குப்பம் பக்கம்.
ஐஸ் பிளான்ட்ல நைட் வேலை.
ரெண்டு லாரிக்கு நடுவுல ஆடுறேன்.
நல்லாத்தான் வெட்டுறேன்.
ஆனா நான் வெட்டும்போது அவன் அங்க இல்ல.
அவன் இருந்த இடத்தைத்தான் வெட்டுறேன்.'

பச்சை அட்டவணையை
டவர் வாரியாகப் பிரித்தேன்.
நல்ல சிக்னலில் வாள் ஜெயிக்கிறது.
மோசமான சிக்னலில் காற்றை அறுக்கிறது.
தீயுருண்டைக்கு அந்தக் கவலை இல்லை,
ஆளைத் தேடிக்கொண்டு அதுவே போகும்.
இரண்டையும் கூட்டி வகுத்தால் ஐம்பது.
மந்திரக்காரர்களில் பாதிப்பேர்
மந்திரத்துக்கு ஆசைப்பட்டவர்கள் இல்லை,
டவர் இல்லாதவர்கள்.
அவர்களிடமிருந்துதான் பதினான்கைப் பிடுங்கியிருக்கிறேன்.

'நீங்களும் மந்திரம் எடுக்கலாமே' என்று கேட்டேன்.
'எடுத்துப் பாத்தேன்.
முதல்ல குடுக்குறது உறைபனி.
ராத்திரி பூரா இங்க அதாங்க.'

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.
அரியாங்குப்பம், தவளக்குப்பம், முள்ளோடை,
பெண்ணையாற்றுப் பாலத்திலேயே ஒரு கோடு குறைந்தது.
முதுநகரில் ஆட்டோ பிடித்து
உப்பனாற்று ஓரம் வலைகளுக்கு நடுவே நின்று
போனைத் திறந்தேன்.
நான் எழுதிய வாள். நான் எழுதிய பாய்ச்சல்.
பதினோரு முறை செத்தேன்.
கடைசித் தடவை என்னைக் கொன்றவன்
கொன்ற பிறகுதான் என் திரைக்கு வந்து சேர்ந்தான்.
வலை பிரித்துக்கொண்டிருந்தவர்
'சிக்னலா? அந்தத் தண்ணி டேங்குகிட்ட போம்மா' என்றார்.
டேங்கடியில் ஏற்கெனவே நாலு பையன்கள்,
நாலும் மந்திரக்காரர்கள்.

அடுத்த செவ்வாய்
பதினான்கில் ஒன்பதைத் திருப்பிக் கொடுத்தேன்.
வாளுக்கு ஒரு பின்பார்வை வைத்தேன்:
வெட்டியவன் கண்ணில் எதிரி எங்கே நின்றானோ
அந்தக் கணத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும்.
நூற்றைம்பது மில்லிநொடி வரை போகும்.
அதற்கு மேல் விட்டால்
சுவருக்குப் பின்னால் ஒளிந்தவனும்
ஒளிந்தபின் சாவான்.
இப்போதே சாகிறார்கள்.
இந்த வாரம் ஆயிரத்து நூறு வசவு,
பாதி வாளிடமிருந்து, பாதி மந்திரத்திடமிருந்து.
அதுவும் ஒரு சமம்தான் என்று சொல்லிச் சிரித்தேன்,
லூர்துராஜ் சார் சிரிக்கவில்லை.

கெடிலத்தானின் தாமதம் இருநூற்றுப் பத்து.
மீதி அறுபதுக்கு
என்னிடம் எண் இல்லை.

நேற்றிரவு அவன் ஆடியதைத் திறந்து பார்த்தேன்.
இரண்டு நாற்பதிலிருந்து மூன்று ஐந்து வரை
ஏழு ஆட்டம்.
ஏழிலும் வாள்.
ஒன்றில் வெற்றி.
அந்த ஒன்றில் எதிரியின் தாமதத்தைப் பார்த்தேன்:
முந்நூற்றுப் பத்து.
அவனும் எங்கேயோ
ஏதோ ஒரு லாரிக்குக் காத்திருந்திருக்க வேண்டும்.